இரண்டு வயதில் வீட்டுக்கு வரும் குழந்தை: பரிசுப் பட்டியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒரு வயது பத்து மாதம். மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில், எல்லோரும் சொல்வதுபோல் 'காரா'வில், பதிவு செய்து சில ஆண்டுகள் காத்திருந்து, ஒரு வட மாநிலத்துக் குழந்தைகள் இல்லத்திலிருந்து அவளைக் கூட்டி வந்தோம். அதன்பிறகு, காத்திருக்கும் வேறு சில குடும்பங்கள் எங்களிடம் பேசத் தொடங்கினார்கள். சட்டம், வரிசை எண், காகிதங்கள் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, போனை வைக்கும் முன் கொஞ்சம் தயங்கி இதைக் கேட்பார்கள்: "என்னென்ன வாங்கி வைக்கணும்? சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றது?" அந்தக் கேள்விகளும், அப்போது சொன்ன பதில்களும், பிறகு தோன்றியவையும் இங்கே.

பரிசுப் பட்டியலா? அது வெளிநாட்டுப் பழக்கம் இல்லையா?

பெயர் அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் கல்யாணத்துக்கும் குழந்தை வரவுக்கும் தேவையானதைக் கடையிலேயே பதிந்து வைப்பார்கள். ஒருவர் வாங்கியதும் அந்தப் பொருள் பட்டியலிலிருந்து அடிபட்டுவிடும். நம்மிடம் மொய் நோட்டு இருக்கிறது. யார் என்ன செய்தார் என்று விசேஷத்தன்று எழுதுகிறோம். அதையே விசேஷத்துக்கு முன்னால் எழுதினால் பரிசுப் பட்டியல். திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு மட்டும் இதில் கிடையாது.

பிறந்த குழந்தைக்கு என்ன வாங்குவது என்று ஊருக்கே தெரியும்: கொசுவலைக் குடை, சோப்பு பவுடர் செட், வெள்ளிக் கொலுசு. இரண்டு வயதில் முதன்முதலாக வீட்டுக்கு வரும் குழந்தைக்கு என்ன வாங்குவது என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு வந்த முதல் பரிசு, ஆறு பால் பாட்டில்கள் கொண்ட ஒரு செட். எங்கள் மகளோ டம்ளரை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துவிட்டு, காலி டம்ளரைத் தரையில் 'டங்' என்று வைக்கிறவள்.

கேட்டு வாங்குவது கூச்சமாக இருக்கிறது. சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

வயிற்றில் குழந்தை இருந்தால் ஏழாம் மாதம் வளைகாப்பு, ஊரே வந்து கை நிறைய வளையல் அடுக்குகிறது. அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. தத்தெடுக்கும் வீட்டில் அப்படி ஒரு நாளே இல்லை. சொந்தக்காரர்களுக்கு எதைச் சொன்னால் தப்பாகிவிடுமோ என்று பயம், அதனால் ஒதுங்கி நிற்பார்கள். அவர்களுக்கு இதில் விருப்பமில்லை போலிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

என் பெரியம்மா இரண்டு மாதமாகப் போனே செய்யவில்லை. எனக்கு உள்ளுக்குள் கோபம். பட்டியலை அனுப்பிய பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது: "அந்த எவர்சில்வர் கிண்ணம் நான் வாங்கித் தரேன், வேற யாருக்கும் குடுத்துடாதே." அவருக்குப் பேச ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கிறது. கிண்ணம் அந்தச் சாக்கு.

விலை விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பட்டியலில் ஐம்பது ரூபாய்ப் பொருள் குறைந்தது நாலைந்து இருக்கட்டும். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவும் ஏதாவது வாங்கித் தர ஆசைப்பட்டார். அவர் வாங்கித் தந்த சோப்பு டப்பாதான் இன்னும் குளியலறையில் இருக்கிறது.

எப்போது எழுத ஆரம்பிக்கலாம்?

இதில்தான் நாங்கள் தவறு செய்தோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காராவில் பதிந்து, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து வீட்டாய்வு அறிக்கை கொடுத்த பிறகு, காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் போகும். பிறகு திடீரென்று ஒருநாள் குறுஞ்செய்தி வரும். இணையதளத்தைத் திறந்தால் குழந்தையின் படம், மருத்துவ அறிக்கை, குழந்தையைப் பற்றிய ஆய்வறிக்கை. 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அடுத்து இல்லத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்ப்பது, தத்தெடுப்புக் குழு முன் உட்காருவது, கையெழுத்துகள். சில வாரங்களில் குழந்தை உங்கள் இடுப்பில் இருக்கும். அத்தனை ஆண்டுகள் நகராத கடிகாரம் அப்புறம் ஓட்டமாக ஓடும்.

சிக்கல் என்னவென்றால், வரப்போவது எந்த வயதுக் குழந்தை என்று முன்கூட்டிச் சரியாகத் தெரியாது. பதிவு செய்யும்போது வயதுப் பிரிவைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். தம்பதி இருவர் வயதையும் கூட்டினால் 85-க்குள் இருந்தால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை, 90-க்குள் இருந்தால் இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தை என்பது 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் கணக்கு. நாங்கள் முதல் பிரிவு. அதில் வருவது மூன்று மாதக் குழந்தையாகவும் இருக்கலாம், இருபத்திரண்டு மாதக் குழந்தையாகவும் இருக்கலாம். நாங்கள் பிஞ்சுக் குழந்தைதான் வரும் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டு தொட்டில், ஸ்வெட்டர், குட்டிக் காலுறை என்று ஒரு அலமாரியை நிரப்பினோம். நிரம்பிய அலமாரியைத் தினமும் பார்த்துக்கொண்டு காத்திருப்பது எவ்வளவு கனமானது என்று எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. கடைசியில் அதில் ஒன்றும் பயன்படவும் இல்லை.

அதனால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் காலத்தில் வயதோடு சம்பந்தமில்லாதவற்றை மட்டும் யோசித்து வையுங்கள், ஆனால் யாருக்கும் அனுப்ப வேண்டாம். குழந்தையை நேரில் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு மிச்சத்தை எழுதுங்கள். அன்றைக்குத்தான் உங்களுக்கு விஷயம் தெரியும்.

உடை, செருப்பு அளவு எப்படிச் சொல்வது?

வயதைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள். இல்லங்களில் வளரும் குழந்தைகள் பலர் வயதுக்குச் சற்றுச் சிறுத்தே இருப்பார்கள். வீட்டுக்கு வந்து ஆறு மாதத்தில் மளமளவென்று வளர்ந்துவிடுவார்கள். இரண்டு வயது என்று கேள்விப்பட்டுச் சித்தி எடுத்த கவுன் எங்கள் மகளுக்குத் தரையைக் கூட்டியது.

முதல் சந்திப்புக்குப் போகும்போது நூல், பென்சில், ஒரு பழைய செய்தித்தாள் கொண்டுபோங்கள். இல்லத்துப் பராமரிப்பாளர் அக்கா என் மகளைச் செய்தித்தாள்மேல் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றி வரைந்தார். அவள் காலை வெடுக்கென்று இழுத்ததில் சுண்டுவிரல் பக்கம் கோடு கோணலாகப் போய்விட்டது. ஊருக்கு வந்து அந்தத் தாளைச் செருப்புக் கடைக்காரரிடம் நீட்டினேன். தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "புள்ள ஒரு இடத்துல நிக்காது போல" என்றார். தாள் இன்னும் என் பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருக்கிறது.

பட்டியலில் நாங்கள் எழுதியது: இப்போதைய அளவில் பருத்திச் சட்டை நான்கு, அதற்கடுத்த அளவில் நான்கு, ஜட்டி பத்து, பட்டுப்பாவாடை ஒன்றே ஒன்று. அந்த 'ஒன்றே ஒன்று' எழுதாவிட்டால் ஏழு வரும்.

சரி, பட்டியலில் முதலில் எதை எழுதுவது?

குழந்தைக்கு ஏற்கெனவே பழகியதை. புதுசு, அழகு, விலை எல்லாம் அதற்கப்புறம்தான்.

யோசித்துப் பாருங்கள், அவளுக்குத் தெரிந்த எல்லாமே ஒரே நாளில் மாறிவிடுகிறது. முகம், குரல், சோற்றின் வாசனை, படுக்கும் இடம், கூரையில் சுற்றும் மின்விசிறியின் சத்தம்கூட. நாம் அவளுக்காக ஆசை ஆசையாய்க் காத்திருந்தோம், அவள் நமக்காகக் காத்திருக்கவில்லை. அவள் பாட்டுக்குத் தன் வீட்டில் இருந்தாள்.

ஆகவே இல்லத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்ன சோப்பு? என்ன எண்ணெய்? எந்தத் தட்டில் சாப்பிடுகிறாள், அது என்ன நிறம்? சாதத்தைக் குழையப் பிசைவீர்களா, விட்டு விட்டா? தூங்கும்போது விளக்கு எரியுமா? பக்கத்தில் யார் படுப்பார்கள்? இந்தப் பதில்கள்தான் பட்டியல்.

எங்கள் பட்டியலின் முதல் வரி: கடுகெண்ணெய், 200 மில்லி. வடக்கே குழந்தைகளுக்குத் தேய்ப்பது அதைத்தான். அத்தை உடனே போன் செய்தார். "தப்பா எழுதிட்டியா? நல்லெண்ணெய்தானே?" இல்லை அத்தை, கடுகெண்ணெய்தான். அவர் ஊரெல்லாம் தேடி வாங்கி வந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார். முதல் மூன்று நாள் யாரையும் தொட விடாதவள், நான்காம் நாள் அந்த எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றியதும் தானாகவே காலை நீட்டினாள்.

இரண்டாவது வரி: ஜீரோ வாட் பல்பு. மூன்றாவது: பச்சை நிற பிளாஸ்டிக் தட்டு. அப்புறம் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று. வந்த புதிதில் பிஸ்கட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பாள். கண்டிக்காமல், இது உன் டப்பா என்று காட்டி, எப்போதும் நான்கு பிஸ்கட் அதில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். எட்டு மாதம் கழித்து ஒருநாள் டப்பாவை அவளே கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டாள்.

பட்டியலில் சேராத ஒன்று: அவள் வரும்போது போட்டிருந்த உடை. அதைத் துவைக்காதீர்கள். ஒரு உறையில் போட்டு வையுங்கள். தூக்கம் வராத இரவுகளில் பக்கத்தில் வைத்தால் அதன் வாசனைக்கு அடங்குவாள். என் மாமியார் ஆசையாக அதை ஊறவைக்கப் போன நேரத்தில் பிடுங்காத குறையாக வாங்கி வைத்தேன். அது ஒரு தனிச் சண்டை.

பொருளாக இல்லாமல் வேறு என்ன கேட்கலாம்?

சாப்பாடு. முதல் மூன்று வாரம் உங்களால் சமைக்க முடியாது. குழந்தை ஒன்று இடுப்பைவிட்டு இறங்காது, இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வராது. 'செவ்வாய் மதியம், சாம்பாரும் ஒரு பொரியலும்' என்று தேதி போட்டே எழுதினோம். மாடி வீட்டு மாமி அடுக்குத் தூக்கை எங்கள் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, மணி அடிக்காமல் போய்விடுவார். மணி அடிக்காமல் என்பதையும் பட்டியலிலேயே எழுதியிருந்தோம்.

துணி இஸ்திரி, ரேஷன் கடை, மின் கட்டணம், பெரியவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, இவற்றையும் தயங்காமல் எழுதலாம். பணம் செலவழிக்க முடியாதவர்கள்தான் இந்த வரிகளை முதலில் பிடித்துக்கொண்டார்கள்.

பட்டியலை எப்படிப் பகிர்வது? செயலி ஏதாவது வேண்டுமா?

கூகுள் ஷீட் போதும். பொருள், அளவு, எங்கே கிடைக்கும், யார் வாங்குகிறார் என்று நான்கு பத்தி. ஆனால் எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுக்காதீர்கள். எங்கள் மாமா ஒருவர் தன் பெயரை எழுதப் போய்ப் பத்து வரியை அழித்துவிட்டு, "எல்லாம் வாங்கியாச்சு போல" என்று குடும்பக் குழுவில் அறிவித்துவிட்டார். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து, பெயர் எழுதும் வேலையைத் தங்கையிடமோ தோழியிடமோ விடுங்கள். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது அந்தச் சமயத்தில் உங்கள் காதுக்கு வரவே வேண்டாம்.

இணையக் கடையின் விருப்பப் பட்டியலையும் பகிரலாம். நம் பெரியவர்கள் பாதிப் பேர் கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பதால் எங்களுக்கு அது சரிவரவில்லை.

பட்டியலில் குழந்தையின் பெயர், படம், கதை போடலாமா?

கூடாது. தத்தெடுப்பு ஆணை கைக்கு வரும்வரை, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை என்ற இடத்தில்தான் சட்டத்தின் கண்ணில் அவள் இருக்கிறாள். அத்தகைய குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 செப்டம்பரிலிருந்து ஆணை பிறப்பிப்பது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆணை வரும், நடுவில் மாதங்கள் போகலாம். அதுவரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கூட வேண்டாம். படம் அனுப்பச் சொல்லி நச்சரிப்பவர்களுக்கு நாங்கள் அவள் வரைந்த கிறுக்கல்களைப் படமெடுத்து அனுப்பினோம்.

ஆணைக்குப் பிறகும் இல்லத்தின் பெயர், எப்படி அங்கே வந்தாள் என்பதெல்லாம் அவளுக்கு மட்டும் சொந்தமானவை. யார் கேட்டாலும், "அவ பெரியவளானதும் அவகிட்டயே கேளுங்க."

என்னென்ன வேண்டாம்?

பால் பாட்டில் (சொல்லிவிட்டேன்). தடுப்புக் கம்பி வைத்த கட்டில்: கூட்டத்தோடு படுத்துப் பழகிய குழந்தை அதில் தனியே படுக்காது, நம் வீடுகளில் பாயோ மெத்தையோ விரித்து மூன்று பேரும் படுப்பதுதான் நடக்கும். நடைவண்டி என்ற பெயரில் விற்கும் சக்கர வாக்கர். டேப்லெட், பேசும் மின்னணுப் பொம்மை: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. நிலக்கடலை மிட்டாய், முழு முந்திரி போன்றவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும், அவையும் வேண்டாம்.

பொம்மை?

கொஞ்சம் போதும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம், பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அல்ல என்ற குறி அட்டையில் இருந்தால் வைத்துவிடச் சொல்லுங்கள். பொத்தான் பேட்டரி போட்ட எதுவும் உள்ளே வரக் கூடாது. விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

வந்ததையெல்லாம் ஒரே நாளில் பிரித்து முன்னால் பரப்பாதீர்கள். பரப்பினோம். அவள் பொம்மைகளைப் பார்க்கவே இல்லை, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். மறுநாள் எல்லாவற்றையும் மேலே தூக்கி வைத்துவிட்டு ஒரு பந்தை மட்டும் விட்டோம். வாரத்துக்கு ஒன்று என்று இறக்கினோம்.

யாராவது பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்றால்?

வீட்டில் இருசக்கர வண்டி மட்டும்தான் என்றால், குழந்தைக்கான தலைக்கவசமும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் கேளுங்கள். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை வண்டியில் ஏற்றினால் இரண்டும் கட்டாயம், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவும் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இதுதான் விதி. யாருக்கும் தோன்றாத பரிசு இது. என் தம்பி வாங்கித் தந்தான், மஞ்சள் நிறம். அதைப் போட்டுக்கொண்டுதான் ஒரு வாரம் சோறே சாப்பிட்டாள்.

குழந்தைக்குத் தமிழே தெரியாது. அதற்கு ஏதாவது?

வேறு மாநிலத்திலிருந்து வரும் குழந்தைகளுக்கு இது பெரிய விஷயம், பலர் கடைசிவரை யோசிப்பதில்லை. இரண்டு வயதுக்குள் குழந்தைக்கு ஒரு மொழி காதில் ஏறிவிடுகிறது. வாய் திறந்து பேசாவிட்டாலும் புரிந்துகொள்வது அந்த மொழியில்தான்.

வந்த இரண்டாம் நாள் எங்கள் மகள் "பானி, பானி" என்று அழுதாள். என் அம்மாவுக்கு அது 'பாட்டி' என்று கேட்டது. பூரித்துப்போய்த் தூக்கித் தூக்கி முத்தமிட்டார். அவள் இன்னும் அழுதாள், அம்மா இன்னும் கொஞ்சினார். தண்ணீர் கேட்கிறாள் என்று என் கணவருக்கு உறைக்க ஐந்து நிமிடம் ஆனது. அன்றைக்கு அம்மா சமையலறையில் போய் ஒரு மூச்சு அழுதார்.

அதனால் பட்டியலில் ஒரு வரி: அந்த மொழி தெரிந்த யாராவது அரை மணி நேரம். தண்ணீர், சோறு, வலிக்கிறது, தூக்கு, போதும், அம்மா வருவேன் என்று முப்பது சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தார் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஒருவர். அதைக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டி வைத்தோம். இல்லத்தில் அனுமதித்தால் பராமரிப்பாளரின் குரலில் தாலாட்டையும் போனில் பதிந்து வாருங்கள். தமிழ் படப் புத்தகங்களும் கேட்கலாம், சென்னையின் துலிகா பதிப்பகத்தில் சின்னவர்களுக்கு நிறைய இருக்கின்றன. அவை மூன்றாம் மாதத்துக்கு மேல்தான் உதவின.

தங்கம், பணம் கொடுக்கிறவர்களை என்ன செய்வது?

நம் ஊரில் பாதிப் பேர் பட்டியலைப் படித்துவிட்டு மோதிரம்தான் வாங்குவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், விரலில் மட்டும் போடாதீர்கள். அவள் வாயில் போட்டுக்கொள்வாள்.

பணமாக வந்தால், பெண் குழந்தைக்குப் பத்து வயதுக்குள் தொடங்கக்கூடிய செல்வமகள் சேமிப்புக் கணக்கு பொருத்தமானது. ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். ஆனால் கணக்குத் தொடங்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். உங்களைப் பெற்றோராகக் குறிப்பிடும் சான்றிதழ் தத்தெடுப்பு ஆணைக்குப் பிறகுதான் கிடைக்கும். அதுவரை பணத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் எழுதி வையுங்கள். இதற்கு மொய் நோட்டுதான் சரி.

தாய்மாமன் சீர், காதுகுத்து, மொட்டை?

எல்லாம் உண்டு. யாராவது "தத்துப் பிள்ளைக்கு எதுக்குச் சீர்" என்று இழுத்தால் அங்கேயே நறுக்கென்று நிறுத்துங்கள். ஆனால் அவசரப்படாதீர்கள். முகம் தெரியாத கூட்டத்தின் நடுவே, இரண்டு வாரம் முன்பு அறிமுகமான ஒருவர் மடியில் உட்காரவைத்து, காதில் ஊசி குத்தினால் அந்தக் குழந்தை நம்மைப் பற்றி என்ன நினைக்கும்? நாங்கள் பதினோரு மாதம் கழித்துச் செய்தோம். அதற்குள் என் தம்பி அவளுக்கு மாமாவாகியிருந்தான், மடியில் உட்காரத் தானே ஏறினாள். தோடும் தட்டு வரிசையும் அன்றைக்கு வந்தன. பட்டியலின் கடைசியில் 'பின்னால், தேதி சொல்கிறோம்' என்று ஒரு பகுதி வைத்தால், சீர் செய்யத் துடிக்கிறவர்கள் காத்திருப்பார்கள்.

பரிசை நேரில் கொண்டுவந்து குழந்தை கையில் கொடுக்கலாமா?

முதல் ஒன்றிரண்டு மாதம் வேண்டாம். இல்லத்தில் பல கைகள் மாறி மாறி ஊட்டிய குழந்தை, யார் நீட்டினாலும் வாங்கும், யார் தூக்கினாலும் போகும். பார்ப்பவர்கள் "எவ்வளவு சமத்து, ஒட்டிக்கிச்சே" என்பார்கள். எனக்கு வயிற்றைப் பிசையும். இவர்கள்தான் நம் ஆட்கள், இவர்கள் போகமாட்டார்கள் என்று அவளுக்குப் பிடிபட வேண்டுமென்றால், கொஞ்ச காலத்துக்கு ஊட்டுவது, தூக்குவது, கொடுப்பது மூன்றும் அம்மா அப்பா கையால்தான் நடக்க வேண்டும். பொருளை வாசலில் வைத்துவிடச் சொன்னோம். கொடுத்தவரின் புகைப்படத்தைக் காட்டி, "இது சித்தி குடுத்தது" என்று நாங்கள் கொடுத்தோம். பின்னாளில் நேரில் பார்த்தபோது, "கிண்ணம்!" என்றுதான் பெரியம்மாவை அழைத்தாள். பெரியம்மாவுக்கு இன்றும் அதுதான் பெயர்.

தாத்தா பாட்டிகள் இதில் புண்படுவார்கள். புண்படட்டும் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். தொடாமல், ஊட்டாமல், அதே அறையில் உட்கார்ந்து பூத்தொடுப்பது என் மாமியாரின் வேலையாக இருந்தது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருந்தால்?

அந்தப் பிள்ளை பெயரிலும் பட்டியலில் மூன்று வரி. அதைக் கேட்டே எழுதுங்கள்.

இல்லத்துக்கும் அந்த அக்காக்களுக்கும் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா?

மனம் துடிக்கும். ஆனால் நிர்ணயித்த கட்டணத்தைத் தவிர, தத்தெடுப்போரிடமிருந்து பணமாகவோ பொருளாகவோ நன்கொடை வாங்க இல்லங்களுக்கு அனுமதி இல்லை. யாராவது கேட்டால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் சொல்லுங்கள். நாங்கள் நன்றிக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தோம். பாதத்தை வரைந்த அக்கா அதைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

பட்டியலில் இல்லாததையே எல்லோரும் கொண்டுவந்தால்?

வருவார்கள். ஒரே மாதிரி மூன்று வந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், பெரியதை எடுத்து வையுங்கள், பயன்படாததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். அந்த ஆறு பாட்டில்களும் என் நாத்தனார் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டன.

பட்டியலில் இல்லாமல் வந்ததில் ஒன்று மட்டும் நாங்களே எழுதியிருக்க வேண்டியது. எதிர்வீட்டுத் தாத்தா சந்தையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு மூங்கில் முறமும் கைப்பிடி அளவில் ஒரு துடைப்பமும் வாங்கி வந்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது, பெண் குழந்தைக்குத் துடைப்பமா என்று. அவள் வாங்கின கையோடு கூடத்தின் ஒரு மூலையிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். இல்லத்தில் காலையும் மாலையும் அக்காக்கள் கூட்டுவதைப் பார்த்தபடி வளர்ந்தவள். முதல்முறையாக அன்றைக்குத்தான் அவள் வாயிலிருந்து ஏதோ ஒரு பாட்டு வந்தது. வரிகள் எங்கள் யாருக்கும் புரியவில்லை. பட்டியல் எழுதும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்: சின்ன முறம், ஒன்று.